மக்கள் விரும்பியும் நிறைவேறாத சட்டம்

மக்களாட்சியில் பெரும்பான்மையோரின் விருப்பமே சட்டமாகிறது என்று குடிமையியல் பாடத்தில் படிக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவிற்கு அது போதுமான விடைதான். ஆயின், உலகின் பழமையான மக்களாட்சிகளுள் ஒன்றான அமெரிக்க ஐக்கிய நாட்டில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேண்டும் என்று கூறிய சட்டம் ஒன்று நிறைவேறாமல் போயிற்று. அது எப்படி நேர்ந்தது என்று பார்ப்போமானால், மக்களின் விருப்பத்திற்கும் சட்டப் புத்தகத்திற்கும் இடையில் எத்தனை வாயில்கள் இருக்கின்றன என்பது விளங்கும்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் என்னும் ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்தான். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இருபது பேரும், அப்பள்ளியில் பணிபுரிந்த பெண்கள் அறுவரும் கொல்லப்பட்டனர். நாடே கலங்கி நின்றது. துப்பாக்கிச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது.

அப்போது கேட்கப்பட்டது பெரிய மாற்றம் ஒன்றும் அன்று. உரிமம் பெற்ற கடைக்காரர் துப்பாக்கி விற்கும்போது, வாங்க வருபவர் குற்றத் தண்டனை பெற்றவரா, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவரா என்று அரசுப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்பது முன்னரே உள்ள சட்டம். இதைப் பின்னணி விசாரணை என்கின்றனர். ஆனால் தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டப்படி இந்த விசாரணை தேவையில்லை. துப்பாக்கிச் சந்தைகளிலும் விளம்பரங்கள் வழியாகவும் நடைபெறும் அத்தகைய விற்பனைக்கும் இதை விரிவாக்க வேண்டும் என்பதே கோரிக்கை. மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்சின் ஜனநாயகக் கட்சியினர்; பென்சில்வேனியாவின் பாட் டூமி குடியரசுக் கட்சியினர். துப்பாக்கி வைத்திருப்போரின் ஆதரவைப் பெற்றிருந்த இவ்விருவரும் சேர்ந்து மசோதாவைக் கொண்டு வந்தனர். கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் இதை ஆதரித்தனர். துப்பாக்கி உரிமையாளர்களிலேயே பெரும்பாலோர் ஆதரித்தனர்.

2013 ஏப்ரல் 17 அன்று செனட் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 54 வாக்குகள், எதிராக 46. மசோதா தோற்றது! 54 எப்படி 46-இடம் தோற்கும் என்று மாணவியர் கேட்பது நியாயமே. இதற்கு விடை பின்னர் வரும். சாண்டி ஹூக்கில் உயிர் பிழைத்த குழந்தைகள் 2024 ஜூன் மாதத்தில் நியூடவுன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்துப் பட்டயம் பெற்றனர் என்பதை மட்டும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன். அவ்விழாவில் தங்களோடு மேடையேறியிருக்க வேண்டிய இருபது பேரின் பெயர்களையும் கேட்டுவிட்டே அவர்கள் மேடை ஏறினர்.

இனி அந்நாட்டின் நிலையைச் சற்று அறிந்து கொள்வோம். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடியே 30 இலட்சம் துப்பாக்கிகள் இருந்ததாக ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அப்போதைய மக்கள் தொகை சுமார் 32½ கோடி. பிறந்த குழந்தை முதற்கொண்டு ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். 2021-இல் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள் என்பதைச் செய்தித்தாள் படிப்போர் பலர் அறியார். பள்ளியில் நிகழும் கொலைகள் உலகச் செய்தியாகின்றன. படுக்கையறையில் தனியே நிகழும் மரணம் அடுத்த தெருவிற்கும் தெரிவதில்லை. 2020 முதல் அந்நாட்டுச் சிறுவர், இளையோர் மரணங்களுக்கு முதற்காரணம் நோயோ சாலை விபத்தோ அன்று, துப்பாக்கியே.

இவ்வளவு இருந்தும் அம்மக்கள் ஏன் துப்பாக்கியை விடுவதில்லை? வெறும் முரட்டுத்தனம் என்று கூறி ஒதுக்கிவிடலாகாது. 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆங்கிலத்தில் 27 சொற்களே கொண்டது. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை சுதந்திர நாட்டின் பாதுகாப்பிற்குத் தேவை என்று அது தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. முற்பகுதி படையைப் பற்றியது. பிற்பகுதி மக்களைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன உறவு என்பதே இருநூறு ஆண்டு வழக்கு. மேலும், பரந்த அந்த நாட்டில் காவல் நிலையம் பல மைல் தொலைவில் இருக்கும் பண்ணை வீடுகள் ஏராளம். வேட்டை அங்கே தந்தை மகனுக்கும் மகளுக்கும் கற்பிக்கும் குடும்ப வழக்கம். இன்று துப்பாக்கி வைத்திருப்போரை ஏன் என்று கேட்டால், தற்காப்பிற்கு என்றே பெரும்பாலோர் விடையிறுக்கின்றனர். அவர்கள் அச்சம் பொய்யன்று. அதற்கு அவர்கள் கண்ட மருந்தே ஐயத்திற்குரியது என்பது என் கருத்து.

மக்கள் கருத்து என்று ஒரே சொல்லில் கூறிவிடுகிறோமே, அது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து உருமாறும். காவலர் போன்றோர் தவிர வேறு யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று சட்டம் செய்யலாமா என 1959-இல் கேலப் நிறுவனம் கேட்டபோது, நூற்றுக்கு 60 பேர் ஆம் என்றனர். 2021-இல் அதே வினாவிற்கு ஆம் என்றவர் 19 பேரே. பின்னணி விசாரணையைப் பற்றிக் கேட்டாலோ பத்தில் ஒன்பது பேர் தலையசைக்கின்றனர். துப்பாக்கிச் சட்டங்கள் இன்னும் கடுமையாக வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டபோது 1990-இல் 78 பேர் ஆம் என்றனர். 2010-இல் 44 பேர். சாண்டி ஹூக்கிற்குப் பின் 58. ஃபுளோரிடாவில் பார்க்லண்டு பள்ளிக் கொலைக்குப் பின், 2018 மார்ச்சில், 67. துயரம் நேர்ந்ததும் எண்ணிக்கை ஏறுகிறது. சில மாதங்களில் இறங்குகிறது. சட்டமன்றமோ மெல்ல நடக்கும் வண்டி. அலை இறங்கும் வரை காத்திருந்தால் போதும் என்பதை எதிர்ப்பாளர்கள் நன்கு அறிவர்.

எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பத்தில் ஒன்பது பேர் சட்டத்தை விரும்புகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர்க்கு அது விலைவாசி, வேலை, வரி, மருத்துவச் செலவு ஆகியவற்றோடு பத்தாவதாக நிற்கும் விருப்பம். எதிர்க்கும் ஒருவர்க்கோ அதுவே முதல் விருப்பம். அவர் கடிதம் எழுதுகிறார், சந்தா செலுத்துகிறார், கூட்டத்திற்குப் போகிறார், அந்த ஒன்றைக் கருதியே வாக்களிக்கிறார். அரசியல்வாதி தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. தனக்கு எதிராகத் திரும்பக் கூடிய தலைகளை எண்ணுகிறார்.

இந்தத் தீவிரத்தை அமைப்பாகத் திரட்டியது தேசிய ரைபிள் சங்கம். உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைவீரர்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாமல் இருந்ததைக் கண்டு வருந்திய படை அதிகாரிகள் 1871-இல் தொடங்கிய பயிற்சிச் சங்கம் அது. நூறாண்டு வரை சுடும் போட்டிகளும் வேட்டையுமே அதன் பெரும்பணி. 1963-இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற ரைபிள், பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துப் பொய்ப் பெயரில் தபால் வழியாக வரவழைக்கப்பட்டது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அத்தகைய தபால் விற்பனையைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறியது. துப்பாக்கிகள் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும், வைத்திருப்போர் உரிமம் பெற வேண்டும் என்று ஜனாதிபதி ஜான்சன் கேட்டவை மட்டும் அதில் இடம்பெறவில்லை. 1977-இல் சின்சினாட்டி நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், எந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்காத உறுப்பினர்கள் பழைய தலைமையைக் கவிழ்த்துச் சங்கத்தைக் கைப்பற்றினர். அன்று முதல் அது வேறு சங்கமாயிற்று.

அதன் ஆற்றலை நாடு கண்டது 1994-இல். 1981-இல் ஜனாதிபதி ரேகன் சுடப்பட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டடிபட்டு நிரந்தர ஊனமுற்றார். அவருடைய மனைவி சாரா பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1993 நவம்பரில் பின்னணி விசாரணைச் சட்டம் பிராடியின் பெயராலேயே வந்தது. மறு ஆண்டு, படைவீரர் ஆயுதத்தை ஒத்த சில வகைத் துப்பாக்கிகளின் புதிய உற்பத்திக்கும் விற்பனைக்கும் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. இரண்டுமே ஜனாதிபதி கிளின்டன் காலத்தவை. 1994 நவம்பர்த் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தம் தொகுதியில் தோற்றார். தோல்விக்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு. எனினும் துப்பாக்கிச் சட்டமே கட்சியைக் கவிழ்த்தது என்று கிளின்டன் முதலானோர் நம்பினர். நம்பிக்கை உண்மையோ இல்லையோ, அடுத்த தலைமுறை அரசியல்வாதிகள் அதைக் கேட்டே வளர்ந்தனர். பத்தாண்டுத் தடை 2004 செப்டம்பரில் காலாவதியானபோது அதைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

இப்போது 54-46 கணக்கிற்கு வருவோம். செனட்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும், சிறியதோ பெரியதோ, இரண்டே இடங்கள். கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் பேர் வாழ்கின்றனர், அவர்களுக்கு இருவர். வயோமிங் மாநிலத்தில் ஆறு இலட்சம் பேர்கூட இல்லை, அவர்களுக்கும் இருவர். மக்கள் நெருக்கமில்லாத, வேட்டையும் பண்ணையும் மிகுந்த மாநிலங்களில்தான் துப்பாக்கி வழக்கம் ஆழமானது. ஆகவே அவர்களுடைய கருத்து செனட் தராசில் பல மடங்கு எடை பெறுகிறது. இது போதாதென்று, விவாதத்தை முடித்து வாக்கெடுப்பிற்குப் போவதற்கே நூறு பேரில் 60 பேர் இசைய வேண்டும் என்பது அச்சபையின் நடைமுறை விதி. இது அரசியலமைப்பில் இல்லாத விதி. சபை தானே வகுத்துக் கொண்டது. 2013-இல் தேவைப்பட்டது 60, கிடைத்தது 54. அவ்வளவுதான் கணக்கு.

அலாஸ்கா, ஆர்கன்சா, மான்டனா, வட டகோட்டா ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் நால்வரும் அன்று மசோதாவை எதிர்த்தனர். தத்தம் மாநில மக்களுக்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர் என்று கூறுவர். அலாஸ்கா, ஆர்கன்சா உறுப்பினர்கள் அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே தோற்றனர். வட டகோட்டா உறுப்பினர் 2018-இல் தோற்றார். அஞ்சியும் பயனில்லை! இதற்குள் கட்சிகளும் நகரக் கட்சி, நாட்டுப்புறக் கட்சி என்று பிரிந்துவிட்டன. துப்பாக்கி என்பது ஒரு பொருள் என்ற நிலை மாறி, நீ எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளமாகிவிட்டது. தேசிய ரைபிள் சங்கம் 2021-இல் திவால் மனு அளிக்கும் அளவிற்கு ஆட்டம் கண்டது. முப்பதாண்டு அதன் தலைவராயிருந்த வேய்ன் லாபியர் 2024 சனவரியில் பதவி விலக நேர்ந்தது. அதனால் காங்கிரஸில் ஒரு வாக்கும் இடம் மாறவில்லை. சங்கம் தளர்ந்தாலும் அது ஊட்டிய உணர்வு தளரவில்லை.

வெளியே தெரியாத தடைகளும் உள்ளன. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு எதுவும் உண்டாக்கலாகாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. எனவே கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கண்டறிய வேண்டுமானால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரிலுள்ள அலுவலகத்தார் முதலில் தயாரிப்பாளரையும், பின்னர் விற்பனையாளரையும் தொலைபேசியில் கேட்க வேண்டும். கடை மூடப்பட்டிருந்தால், அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்த பழைய இரசீதுகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கணிப்பொறியில் பெயரைக் கொடுத்துத் தேடச் சட்டம் இடந்தராது. நிலவில் ஆள் இறக்கிய நாடு அது என்பதை நினைவில் கொள்க. 1996-இல் காங்கிரஸ், நோய்த் தடுப்பு மையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கச் செலவிடலாகாது என்று விதித்து, துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவிட்டிருந்த 26 இலட்சம் டாலர் தொகையையும் குறைத்தது. ஆதரிக்காதே என்றதை ஆராயாதே என்று அலுவலர்கள் எடுத்துக் கொண்டனர். இருபது ஆண்டுக்கு மேல் அவ்வாராய்ச்சி முடங்கிக் கிடந்து, 2019 இறுதியில்தான் மீண்டும் பணம் ஒதுக்கப்பட்டது.

சட்டமன்றத்தைத் தாண்டினாலும் நீதிமன்றம் இருக்கிறது. தற்காப்பிற்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022 ஜூன் 23 அன்று, வெளியில் துப்பாக்கி ஏந்திச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நூறாண்டு கடந்த நியூயார்க் சட்டத்தை நீக்கியதோடு, எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய சட்ட மரபோடு பொருந்த வேண்டும் என்றும் விதித்தது. இன்றைய ஆயுதத்திற்கு முன்னோர் காலத்து அளவுகோல்! எனினும் 2024-இல், துணைவியை அச்சுறுத்தியதற்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்ற சட்டத்தை எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பெண்கள் பலரின் உயிர் அந்தத் தீர்ப்பில் தொங்கிக் கொண்டிருந்தது.

ஒன்றுமே நடவாது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லண்டு உயர்நிலைப் பள்ளியில் பதினேழு பேர் கொல்லப்பட்டபோது, அப்பள்ளி மாணவ மாணவியரே தலைநகருக்குப் பேருந்தில் சென்று மாநிலச் சட்டமன்றத்தாரை நேரில் கேள்வி கேட்டனர். மூன்று வாரங்களில், குடியரசுக் கட்சி ஆண்ட ஃபுளோரிடாவில், துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆயிற்று. ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியை எடுத்து வைக்கவும் வழி பிறந்தது. டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டபின், 2022 ஜூன் 23 இரவு, நியூயார்க் தீர்ப்பு வெளியான அதே நாளில், செனட் 65-33 என்ற வாக்கில் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. 21 வயதுக்குட்பட்டோர் வாங்கும்போது கூடுதல் விசாரணை, மாநிலங்களுக்கு நிதியுதவி போன்ற சிறு அளவான ஏற்பாடுகளே அதில் இருந்தன. அதற்கே முப்பதாண்டுகள் ஆயின.

மெயின் மாநிலத்தின் கதை இவ்வனைத்திலும் எனக்கு அதிகம் கற்பித்தது. காடுகள் சூழ்ந்த வேட்டை நாடு அது. தனியார் விற்பனைக்கும் பின்னணி விசாரணை வேண்டுமா என்று 2016 நவம்பரில் வாக்காளர்களையே நேரடியாகக் கேட்டனர். செனட்டும் இல்லை, 60 வாக்கு விதியும் இல்லை. ஆயினும் நூற்றுக்கு 52 பேர் வேண்டாம் என்றனர்! கணிப்பாளரிடம் ஆம் என்று சொல்வது எளிது. எதிர்ப் பிரசாரம் கேட்டபின், சட்டத்தின் வாசகத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஆம் என்பது வேறு. எனவே குற்றம் முழுவதும் அரசியல்வாதிகளுடையது என்று கூறுவோர் இந்த மாநிலத்தை மறந்துவிடலாகாது.

2023 அக்டோபர் 25 அன்று அம்மாநிலத்து லூயிஸ்டன் நகரில் பதினெட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவனுடைய மனநிலையைப் பற்றி அவனுடைய குடும்பத்தாரும் உடன் பணிபுரிந்த படைவீரர்களும் காவலர்க்கு முன்னரே எச்சரித்திருந்தனர். அவ்வூரைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜேரட் கோல்டன், ஜனநாயகக் கட்சியினராயினும், படைத்துறை வகைத் துப்பாக்கித் தடைக்கு எதிராக 2022-இல் வாக்களித்தவர். மறுநாள் மாலை செய்தியாளர் முன் நின்று தம் நிலையை மாற்றிக் கொண்டதாக அறிவித்தார். 2024-இல் மாநிலச் சட்டமன்றம், துப்பாக்கி விலைபேசிய பின் கையில் பெற மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றும், விளம்பரம் செய்து விற்பதற்குப் பின்னணி விசாரணை வேண்டும் என்றும் சட்டங்கள் செய்தது. ஆபத்தான நிலையில் உள்ளவரின் துப்பாக்கியை எடுத்து வைக்கும்படி குடும்பத்தாரே நேரே நீதிமன்றத்தை அணுகலாம் என்ற சட்டம் 2025 நவம்பரில் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. மாநில ஆளுநர் அதை எதிர்த்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்று சொன்ன மெயின் மக்கள் இம்முறை வேண்டும் என்றனர்.